கரண்டிவால் ஓசனிச்சிட்டைப் பார்க்க வடக்குப் பெருவுக்குச் செல்வோருக்கு

பெரு நாட்டின் வடக்கே, அமேசோனாஸ் மாநிலத்தில், உத்குபாம்பா ஆற்றின் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய சில மலைகளிலும் மட்டுமே வாழும் ஓர் ஓசனிச்சிட்டு, அதாவது ஹம்மிங்பேர்ட், இருக்கிறது. அறிவியலில் அதன் பெயர் லோடிஜீசியா மிராபிலிஸ். அந்தப் பேரினத்தில் அது ஒன்றுதான் உண்டு. தமிழில் அதற்கு வழக்கமான பெயர் எதுவும் இல்லாததால், கரண்டிவாயன் என்ற நீர்ப்பறவையின் பெயரைப் பின்பற்றி இங்கே கரண்டிவால் ஓசனிச்சிட்டு என்று எழுதுகிறேன். ஹம்மிங்பேர்ட் என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் படித்த குடும்பத்தில் ஏறக்குறைய 360 இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் இதைப் போன்ற வால் வேறொன்றுக்கும் கிடையாது.

இந்தப் பறவையைப் பார்க்க நான் இரண்டு முறை கிளம்ப வேண்டியிருந்தது. முதல் முறை சென்னை விமான நிலையத்திலேயே என் பயணம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை போய்ச் சேர்ந்தேன், ஆனால் ஒதுக்கிய நாட்களில் பாதி சாலையில் கழிந்தது. இரண்டிலும் நான் இழந்த பணமும் விடுப்பும் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கும். தமிழில் அப்படிச் சொல்லும் கட்டுரை எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை என்பதால், முதன்முறையாகச் செல்லப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பறவையை முதலில் படியுங்கள், பயணச்சீட்டைப் பிறகு வாங்குங்கள்

நம் தோட்டத்தில் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு வேறு, ஓசனிச்சிட்டு வேறு. இரண்டும் தேன் குடிக்கும், இரண்டும் வெயிலில் மின்னும், ஆனால் உறவில்லை. ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளன. மாலை நேரத்தில் நம் ஊர்ப் பூக்களின் முன்னே அந்தரத்தில் நின்று தேனுறிஞ்சுகிற ஒன்றைப் பார்த்துவிட்டு ஓசனிச்சிட்டைக் கண்டதாகச் சொல்வோர் உண்டு, அது அந்துப்பூச்சி. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்து குடிக்கும். ஓசனிச்சிட்டு தோள்மூட்டைச் சுழற்றி, இறக்கையைக் கீழே அடிக்கும்போது மட்டுமின்றி மேலே தூக்கும்போதும் காற்றை அழுத்தித் தன்னைத் தாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அதனால் ஒரே இடத்தில் நிற்கவும் பின்னோக்கிப் பறக்கவும் முடிகிறது. இதை அறிந்து போனால் எங்கே பார்ப்பது என்ற பிழை வராது: கிளையைப் பார்க்காமல் பூவின் முன்னே இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்கப் பழகுவீர்கள்.

கரண்டிவால் ஓசனிச்சிட்டின் எடை ஏறத்தாழ 3 கிராம், ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்தான். ஆண் பறவை வாலோடு சேர்த்து 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி வால். மற்ற ஓசனிச்சிட்டுகளுக்குப் பத்து வாலிறகுகள் இருக்க, இதற்கு நான்கே நான்கு. அந்த நான்கில் வெளிப்புறத்து இரண்டும் கம்பி போல நீண்டு, ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, நுனியில் ஊதாநீல வட்டுகளாக விரிகின்றன. தலையுச்சியில் ஊதாநீலக் கொண்டை, தொண்டையில் நீலப்பச்சைத் திட்டு, வெள்ளை வயிற்றின் நடுவே கீழிறங்கும் ஒரு கருங்கோடு ஆகிய மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பெண்ணுக்குக் கொண்டையும் தொண்டைத் திட்டும் இல்லை. முதுகு பச்சை, அடி வெள்ளை. வால் குட்டை, நுனி வட்டும் சிறியது. முதல் நாள் மாலையில் நான் பார்த்த இரண்டு பறவைகள் பெண்கள் என்பதே அங்கிருந்த காப்பகக் காவலர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. இளம் ஆண்களும் முழு வால் வளரும்வரை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். படங்களில் வளர்ந்த ஆணை மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறவர்கள், கண்முன்னே வந்துபோன பறவையை அடையாளம் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இதே வட்டாரத்து மலைகளில், வால் நுனியில் இரண்டு சிறு வட்டுகள் கொண்ட வேறோர் ஓசனிச்சிட்டும் இருக்கிறது. நம் காட்டில் உள்ள துடுப்புவால் கரிச்சானை நினைவூட்டும் அதற்குக் கால்களைச் சுற்றிப் பஞ்சுக் காலுறை போட்டதைப் போல் தூவிகள் இருக்கும். அது அழகான பறவை, ஆனால் பரந்த பகுதியில் கிடைப்பது. நான் முதலில் அணுகிய பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய திட்டத்தில் அதன் படத்தைப் போட்டு, அதற்கேற்ற இடத்தையே குறித்திருந்தார். பணம் கட்டுவதற்கு முன், திட்டத்தில் அறிவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. விசா: ஆறு மாதக் கணக்கைக் கவனியுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பெரு செல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் விசா உங்களிடம் இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாகப் பெரு விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2017 முதல் நடைமுறையில் உள்ளது. இல்லையென்றால் புதுடெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

முதல் வழியில்தான் நான் சறுக்கினேன். கையில் உள்ள அந்த விசாவுக்குக் குறைந்தது 6 மாதச் செல்லுபடி இருக்க வேண்டும் என்பது சலுகையின் நிபந்தனை. என் விசாவில் நான்கு மாதங்களே மிச்சம் இருந்தன. பயணச்சீட்டு, விடுதி, உள்நாட்டு விமானம் எல்லாம் எடுத்தாகிவிட்டது; நான் அணுகிய முகவரும் விசா இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார். விமான நிலையத்துப் பதிவு மேசையில் இருந்தவர் கணினியில் பார்த்து, மென்மையாகத்தான் மறுத்தார். பணத்தில் மிகச் சிறிய பங்கே திரும்பி வந்தது. எனவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன், பெருவில் நீங்கள் இறங்கும் நாளிலிருந்து முன்னோக்கி ஆறு மாதங்களை எண்ணி, விசாவின் கடைசித் தேதியோடும் கடவுச்சீட்டின் கடைசித் தேதியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் தாண்டியிருந்தால் மட்டும் அடுத்த வேலைக்குப் போங்கள்.

சலுகை பற்றித் தெரியாத மேசை அலுவலர்களும் இருப்பார்கள். தூதரகத் தளத்தில் உள்ள அறிவிப்பை அச்செடுத்து, திரும்பும் பயணச்சீட்டு, விடுதிப் பதிவு ஆகியவற்றோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை, ஆகவே புறப்படும் மாதத்தில் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் பெறுவது மிகவும் நல்லது. தூதரகத்தில் விசாவுக்கே விண்ணப்பிப்பவர்கள் பயண நாளுக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே தொடங்கிவிட வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வேலைச் சான்று, பயணத் திட்டம் ஆகியவை இல்லாமல் எந்தத் தூதரகமும் கோப்பைத் திறக்காது.

இடைமாற்றத்தையும் மறந்துவிட வேண்டாம். சென்னையிலிருந்து பெருவின் தலைநகரான லிமாவுக்கு நேரடி விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கே அந்நாட்டு விசா வேண்டும். ஐரோப்பா வழியாகப் போனால், நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்க விசா நீண்ட காலத்துக்கு உள்ளவர்களுக்கு இந்த இரண்டு சிக்கல்களும் ஒரே தாளில் தீர்ந்துவிடுகின்றன.

3. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: போவதற்காகவும் திரும்புவதற்காகவும்

பெருவுக்குள் நுழையும்போது இந்தச் சான்றிதழை யாரும் கேட்காமல் போகலாம். ஆனால் இந்தியா திரும்பும்போது கட்டாயம் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து செல்லுபடியாகும் சான்று இல்லாமல் வந்து இறங்குபவரை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்த இந்திய விதிகள் இடம் தருகின்றன. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளும் இத்தகைய சான்றைக் கேட்பவையே.

சென்னையில் கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும், துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது. தெருமுனை மருத்துவமனைகளில் கிடைக்காது. குறித்த சில நாட்களில், குறித்த நேரத்தில் மட்டும் போடுவார்கள் என்பதால் முன்பதிவு செய்து, நாளை உறுதி செய்துகொண்டே கிளம்புங்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இது மிக முக்கியம். அசல் கடவுச்சீட்டைக் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் அதன் எண் சான்றிதழான மஞ்சள் அட்டையில் எழுதப்படும். அந்த எண்ணும் பெயரின் எழுத்துகளும் சரியாக இருக்கின்றனவா என்று மேசையை விட்டு நகரும் முன் பார்த்துவிடுங்கள். அரசு மையங்களில் கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும், பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும். கோழிமுட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், 60 வயதைக் கடந்தவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. வெறும் காகிதத்துக்காக இதைச் செய்வதாக நினைக்காதீர்கள். நாம் கடந்துபோகும் தாழ்வான ஆற்றுப் பகுதிகள் நோய் உள்ள அமேசோனாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவை.

4. எந்த மாதம், எத்தனை நாட்கள்

இந்தப் பறவை வலசை போவதில்லை. ஆண்டு முழுவதும் அதே மலைச்சரிவில்தான் இருக்கிறது. ஆகவே மாதத்தைத் தீர்மானிப்பது பறவை அல்ல, சாலை. மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கனமழையில் மலைச்சாலைகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோவது அங்கே வழக்கமான செய்தி. நான் மார்ச்சில் போனேன், ஏனென்றால் அப்போதுதான் விடுப்பு கிடைத்தது. பெத்ரோ ரூயிஸ் என்ற ஊருக்குச் சற்று முன்னால் சரிவு ஏற்பட்டு, ஐந்து மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைய மாலை வேளை முழுவதும் போயிற்று.

சென்னையிலிருந்து சென்னைக்குக் குறைந்தது பத்து நாட்கள் ஒதுக்குங்கள். போக இரண்டு நாட்கள், வர இரண்டு நாட்கள் கழிந்துவிடும். இந்திய நேரத்துக்கும் பெரு நேரத்துக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு இருப்பதால் லிமாவில் ஓர் இரவு கட்டாயம் தூங்கியாக வேண்டும். பறவைக்கென்று இரண்டு முழுக் காலைகள் வேண்டும். கடைசியாக, மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் பன்னாட்டு விமானத்துக்கும் இடையே ஒரு நாளைக் காலியாக விட்டுவிடுங்கள். ஒரே நாளில் உள்நாட்டு விமானத்தையும் பன்னாட்டு விமானத்தையும் கோப்பவர்கள், ஒரு மண்சரிவில் இரண்டையும் இழப்பார்கள்.

5. லிமாவிலிருந்து மலைக்கு

லிமாவிலிருந்து ஹயேன் என்ற ஊருக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேர விமானப் பயணம். இணையத்தில் பதிவு செய்யும்போது கவனம் தேவை: ஸ்பெயினிலும் இதே எழுத்துகளில் ஓர் ஊர் இருக்கிறது. விமான நிலையக் குறியீடு ஜே.ஏ.இ. என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஹயேனில் இறங்கியதும் நம் சமவெளி ஊரொன்றில் இறங்கியதைப் போலவே இருக்கும். வெக்கை, சுற்றிலும் நெல்வயல்கள், தெரு முழுக்க நமக்குப் பழகிய பஜாஜ் ஆட்டோக்கள். அங்கிருந்து மரான்யோன் ஆற்றைப் பாலத்தில் கடந்து, பிறகு உத்குபாம்பா ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு வழியாகப் பெத்ரோ ரூயிஸ் வரை மூன்று, மூன்றரை மணி நேரம். அதற்கப்பால் சாலை வளைந்து வளைந்து ஏறி, ஒரு மணி நேரத்தில் பொமாகோச்சாஸ் ஏரிக்கரை ஊரைத் தொடுகிறது. அந்த ஊரின் உயரம் ஏறத்தாழ 2,200 மீட்டர், அதாவது நம் உதகமண்டலம் அளவு. தலைசுற்றலுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் விடியற்காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் நிற்க முடியாது. மழைக்கோட்டு எந்த மாதமும் வேண்டும்.

வரைபடங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் பொமாகோச்சாஸ் சில இடங்களில் புளோரிடா என்று இருக்கும். அதுதான் அந்த மாவட்டத்தின் அரசுப் பெயர். ஓட்டுநரிடம் இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

நீங்கள் போக வேண்டிய இடம் உவெம்போ. பெத்ரோ ரூயிஸுக்கும் பொமாகோச்சாஸுக்கும் இடையே நெடுஞ்சாலையோரமாகவே இருக்கும் சிறு காப்பகம் அது. எக்கோவான் என்ற பெரு நாட்டு அமைப்பு, பொமாகோச்சாஸ் ஊர்ச் சமூகத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு, அவர்களுடைய நிலத்திலேயே இந்தப் பறவைக்கான செடிகளையும் மரங்களையும் வளர்த்துக் காத்துவருகிறது. பகிர்வு வண்டியில் வருபவர்கள் ஊர்வரை போகாமல் உவெம்போவிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஆனால் திரும்பும் வண்டிக்கு இருட்டும் முன்பே சாலையில் நிற்க வேண்டும்.

தனி வண்டியா, பகிர்வு வண்டியா என்ற கேள்விக்கு என் பதில், இரண்டு பேருக்கு மேல் இருந்தால் தனி வண்டி. பகிர்வு வண்டிகள் ஆள் நிறைந்த பிறகே கிளம்பும், அந்தக் காத்திருப்பு விடியற்காலையைத் தின்றுவிடும். இரவில் மலைச்சாலையில் பயணம் செய்வதை அங்குள்ளவர்களே தவிர்க்கச் சொல்கிறார்கள்.

6. பணம், சாப்பாடு

செலவில் பெரும்பங்கு பன்னாட்டுப் பயணச்சீட்டுக்கே போகும். அது எளிதில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும், மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே எடுத்தால் ஓரளவு குறையும். அடுத்தது தனி வண்டி. விடுதியும் சாப்பாடும் சிற்றூர்களில் அதிகமில்லை. காப்பக நுழைவுக் கட்டணம் சில பத்து சோல்கள். பெரு நாட்டு நாணயமான ஒரு சோல் ஏறத்தாழ இருபத்தைந்து ரூபாய். அந்தக் கட்டணத்தில் பேரம் பேச வேண்டாம். காட்டை வெட்டாமல் விட்டுவைப்பதற்காக அந்த ஊர் மக்களுக்குக் கிடைக்கும் நேரடி வருமானம் அதுதான்.

ஹயேனைத் தாண்டினால் அட்டை எல்லா இடத்திலும் செல்லாது. லிமாவிலேயே சோல்களை எடுத்து, பத்து, இருபது தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். நூறு சோல் தாளுக்குச் சிற்றூர்க் கடைகளில் சில்லறை கிடைப்பது அரிது. டாலர் கொண்டுபோவதாயிருந்தால் ஒரு சிறு கிழிசலும் இல்லாத தாள்களாக இருக்க வேண்டும், நூலளவு கிழிந்திருந்தாலும் பெருவில் வாங்க மறுப்பார்கள்.

சைவம் உண்பவர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் தட்டில் கோழி வரும். அங்கே கோழியை இறைச்சிக் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் விலக்கிச் சொல்லுங்கள். அரிசிச் சோறு, முட்டை, உருளைக்கிழங்கு, பயறு எல்லா ஊரிலும் கிடைக்கும்.

7. விடிந்த முதல் மணி நேரம்

இவ்வளவு சிறிய பறவை குளிரான மலையில் இரவை எப்படித் தாண்டுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். ஓசனிச்சிட்டுகள் ஒரு நாளில் தம் உடல் எடையைவிட அதிகமான தேனைக் குடிப்பவை, இரவில் அவற்றால் உண்ண முடியாது. ஆகவே மலைவாழ் இனங்கள் பல இரவில் உடல்வெப்பத்தை இறக்கி, இதயத் துடிப்பைக் குறைத்து, செத்ததைப் போன்ற உறக்கத்தில் கிடக்கின்றன. பெருவின் ஆண்டிஸில் இதைவிட உயரமான இடத்தில் வாழும் ஓர் ஓசனிச்சிட்டின் உடல்வெப்பம் இரவில் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை 2020இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்திருக்கிறது. இப்படி இரவைக் கழித்த சிட்டு விடிந்ததும் பசியோடு வரும். அந்த முதல் மணி நேரமே உங்களுடையது. உவெம்போ நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கு விடியும். முந்தின நாளே காவலரிடம் பேசி, ஆறு மணிக்கு உள்ளே விட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பத்து மணிக்கு வந்து, அரை மணி நேரம் நின்று, ஏமாந்து திரும்பும் குழுக்களை நான் பார்த்தேன்.

காப்பகத்தில் சர்க்கரைநீர்க் குடுவைகள் தொங்கவிடப்பட்டிருக்கும். முதலில் உங்களைத் திகைக்க வைப்பது அவற்றில் நடக்கும் சண்டை. மின்னும் ஊதாக்காது ஓசனிச்சிட்டு, செம்மார்பு ஓசனிச்சிட்டு போன்ற பெரிய இனங்கள் குடுவையைத் தமதாக்கிக்கொண்டு, வருகிறவர்களை விரட்டிக்கொண்டே இருக்கும். கரண்டிவால் இந்தச் சண்டையில் நிற்கக்கூடிய பறவையல்ல. பெரியவை ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் இடைவெளியில் நழுவி வந்து, சில நொடிகள் குடித்துவிட்டு மறையும். எனவே நெரிசல் மிகுந்த குடுவையை விட்டுவிட்டு, ஓரத்தில் புதரை ஒட்டித் தொங்கும் குடுவையின் எதிரே அமருங்கள். பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெறும் கண்ணால் புதரின் விளிம்பைப் பாருங்கள்; அசைவு தெரிந்த பிறகு தூக்கினால் போதும்.

இரண்டாம் காலை ஆறரை மணி இருக்கும். புதருக்குள் ஏதோ இரண்டு வண்டுகள் ஒரு பறவையைத் துரத்துவதாக எனக்குத் தோன்றியது. ஊதா நிறத்தில் இரண்டு புள்ளிகள், பறவைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வந்தன. பறவை நின்றபோது அவையும் நின்றன. அப்போதுதான் அவை வண்டுகள் அல்ல, அதன் வாலின் நுனிகள் என்பது புரிந்தது. இடையில் உள்ள கம்பி அவ்வளவு மெலிது, அந்த ஒளியில் கண்ணுக்கே தெரியவில்லை. குடுவைக்கு வராமல், வேலியோரச் செடியொன்றின் சிவந்த தொங்கு பூக்களில் ஒவ்வொன்றாக அலகை நுழைத்தது. அது திரும்பிய ஒரு கணத்தில் தொண்டை நீலப்பச்சையாக எரிந்தது, மறுகணம் கரியாக அணைந்தது. பிறகு இல்லை. பத்து நொடிகள் இருந்திருக்குமா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

தொண்டை நிறம் இப்படி எரிந்து அணைவதற்குக் காரணம், அது சாயத்தால் வந்த நிறமல்ல என்பதே. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டு ஒரு கோணத்தில் மட்டும் திரும்புவதால் வருவது. கரிய தொண்டையுள்ள வேறு பறவை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி அமர்ந்தால் நிறம் தெரியும் வாய்ப்பு கூடும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ஃபிளாஷ் வேண்டாம். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைந்த நேரமே ஷட்டர் திறக்கும்படி வைத்துக்கொண்டு, கொம்பில் அமரும் கணத்துக்காகக் காத்திருங்கள். முதல் காலையைப் படத்துக்காகச் செலவிட்டு, கண்ணால் எதையும் பார்க்காமல் திரும்பியவன் என்ற முறையில், முதல் முறை வரும்போது கேமராவைத் தொடாமலே இருங்கள் என்றுதான் சொல்வேன்.

8. அடர்ந்த காட்டுக்குள் தேட வேண்டாம். ஆடுகளத்துக்குத் துணையோடு போங்கள்

மலைக்காட்டுப் பறவை என்றதும் புதியவர்கள் காட்டின் உட்பகுதிக்கு நடக்கிறார்கள். இது 2,100 மீட்டர் முதல் 2,900 மீட்டர் வரை உயரத்தில், காட்டின் விளிம்பிலும், வெட்டிய இடத்தில் மீண்டும் முளைத்த புதர்களிலும், முள்செடிகள் மண்டிய சரிவுகளிலும் வாழ்வது. நெடுஞ்சாலையிலிருந்து கேட்கும் லாரிச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் நீங்கள் நிற்கும் அந்தப் புதரோரமே சரியான இடம்.

ஆண்கள் பெண்களைக் கவர ஆடுகளங்களில் கூடுகின்றன. ஒரு கொம்பில் பெண்ணோ மற்றோர் ஆணோ அமர்ந்திருக்க, ஆண் அதன் எதிரே அந்தரத்தில் நின்று, இரண்டு வட்டுகளையும் தலைக்கு இருபுறமும் தூக்கி, தனித்தனியாக வீசி ஆடுகிறது. மூன்று கிராம் உடம்பு, தன்னைவிட நீண்ட வாலைச் சுமந்துகொண்டு இதைச் செய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால் நீண்ட நேரம் ஆட முடிவதில்லை. ஆடி முடிந்ததும் ஆணின் பங்கு தீர்ந்தது. கூடு கட்டுவதும், இரண்டு முட்டைகளை அடைகாப்பதும், குஞ்சுகளை வளர்ப்பதும் பெண் மட்டுமே.

ஆடுகளம் எங்கே இருக்கிறது என்பதை உள்ளூர் வழிகாட்டிகள்தான் அறிவார்கள், ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். அங்கே பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம், கொம்புகளை ஒடித்துப் பார்வைக்கு வழி செய்யவும் வேண்டாம். அந்தக் கொம்புதான் அதன் மேடை. குடுவையில் பார்த்ததே போதும் என்று இந்த நடையை விட்டுவிடுபவர்கள் பலர், ஆனால் இவ்வளவு தூரம் வந்தவர் ஒரு காலையைக் கூடுதலாக இதற்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

ஸ்பானிய மொழியில் ஓசனிச்சிட்டுக்கு "கோலிப்ரி" என்று பெயர். "கோலிப்ரி கோலா தே எஸ்பாத்துலா" என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். முன்பு இதே ஊர்களில் ஆண் பறவைகளைக் கவண்கல்லால் அடித்து வீழ்த்தும் பழக்கம் இருந்தது. உலர்த்திய அதன் இதயம் காமத்தைப் பெருக்கும் என்ற நம்பிக்கையே காரணம். இன்று அதே மக்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் இருப்பதைப் பார்க்கும்போது, நாம் கொடுக்கும் கூலியும் கட்டணமும் எங்கே போகின்றன என்பது தெரியும்.

நேரம் மிஞ்சினால், நெடுஞ்சாலையில் மேலும் கிழக்கே போய் அப்ரா பத்ரிசியா காப்பகத்தில் ஓர் இரவு தங்கலாம். அங்கே காடு அடர்த்தியும் ஈரமும் மிக்கது, வேறு ஓசனிச்சிட்டுகள் வரும்.

9. திரும்பும் பையில் இருக்கக் கூடாதவை

எல்லா ஓசனிச்சிட்டுகளும் காட்டுயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ளன. இறகு, பாடம் செய்த பறவை, கூடு, தாயத்து என்று சந்தையில் யார் எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள், தரையில் கிடந்த ஓர் இறகைக்கூட எடுத்து வராதீர்கள். இரு நாட்டுச் சுங்கத்திலும் அது குற்றமாகும்.

மஞ்சள் அட்டையைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல், கடவுச்சீட்டோடு கையில் வைத்திருங்கள். சென்னையில் குடியுரிமைச் சோதனைக்கு முன்பே சுகாதார மேசை இருக்கிறது, பெட்டிகள் வருவது அதற்குப் பிறகுதான்.